மேல் பிரிவுக்கு ஏறிய பின் உடைந்த ஒரு கழகம்: படுவான்கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள ஒரு விவசாயக் கிராமத்தின் உதைபந்தாட்டக் கழகம் பற்றிய பதிவு இது. லீக்கின் கீழ்ப் பிரிவில் ஆடிய கழகம் மேல் பிரிவுக்கு ஏறியது. ஏறிய சில ஆண்டுகளில் மைதானத்தில் இறக்கப் பதினொரு பேர் இல்லாமல் நின்றது, இரண்டாக உடைந்தது, பிறகு திரும்பக் கூடியது. கழகத்தின் போஷகர்களில் ஒருவனாக இருந்து இதையெல்லாம் பார்த்தேன். ஊரின் பெயரையும் கழகத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதவில்லை. இதே நிலையில் இப்போது நிற்கும் கழகங்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் உண்டு. அவர்களுக்குப் பயன்படவேண்டும் என்பதற்காகத்தான் விரிவாக எழுதுகிறேன்.

பின்னணி

கழகம் 1980களின் தொடக்கத்தில் ஆரம்பமானது. நகரத்துப் பாடசாலைகளில் விடுதியில் தங்கிப் படித்த நாலைந்து பேர் விடுமுறைக்கு வரும்போது பந்தையும் கொண்டுவந்தார்கள். மட்டக்களப்பு நகரில் அப்போது விளையாட்டு வேரூன்றியிருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரியில் பணிசெய்த இயேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் உழைப்பு அதில் பெரிது. நகரின் விளையாட்டரங்கு இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அங்கே கண்டதை இவர்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அறுவடை முடிந்த வயலில் கம்பு நட்டு ஆடினார்கள். கோயில் வளவுக்குப் பின்னால் கிடந்த மேட்டுக் காணியை ஊர் விட்டுக்கொடுத்ததும் அது மைதானமானது.

பிறகு வந்த காலத்தைப் பற்றிப் படுவான்கரையில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் கொக்கட்டிச்சோலைப் பகுதியில் நடந்த படுகொலைகள் எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒரு குடும்பத்தையும் தொடாமல் விடவில்லை. கழகத்தின் முதல் அணிப் படத்தில் நிற்பவர்களில் பாதிப்பேர் இன்று இல்லை. 1990க்குப் பிறகு நீண்ட காலம் கழகம் பெயரளவில்தான் இருந்தது. 2007இன் முற்பகுதியில் படுவான்கரை முழுவதுமே இடம்பெயர்ந்து வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரை முகாம்களுக்குப் போனபோது, கழகத்தின் பதிவேடும் கூட்டக் குறிப்புகளும் போய்விட்டன. அந்தப் படம் மட்டும் ஒரு வீட்டுச் சாமியறையில் இருந்ததால் தப்பியது.

மீள்குடியேறிய பிறகு கழகத்தைத் திரும்பத் தொடங்கியவர்கள் மூத்தவர்களின் பிள்ளைகளும் மருமக்களும். ஆர்வத்துக்குக் குறைவில்லை, தடை வாவிதான். லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் எழுவான்கரையில் நடக்கும். மண்முனைத்துறையில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடக்க வேண்டும், இல்லாவிட்டால் வவுணதீவு போய் வலையிறவுப் பாலத்தால் சுற்ற வேண்டும். பாதை இந்தக் கரைக்கு வரத் தாமதமானால் ஆட்டத்துக்கும் தாமதம்தான். 2014 ஏப்ரலில் ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அடுத்த பருவத்திலேயே கழகம் லீக்கில் ஒழுங்காகப் பதிந்து ஆடத் தொடங்கியது. கீழ்ப் பிரிவில் இரண்டு பருவம் ஆடியது. அணி முழுவதும் ஊர்ப் பெடியன்கள். கொத்து வேலை, வெள்ளாமை, மீன்பிடி, ஒருவர் கிராம சேவகர் அலுவலகத்தில் பயிலுனர். இரண்டாவது பருவத்தின் முடிவில் மேல் பிரிவுக்குத் தகுதி பெற்றார்கள். அன்று இரவு உழவு இயந்திரப் பெட்டியில் நின்று பறையடித்தபடி ஊருக்குள் வந்தார்கள். ஊருக்கே அது பெரிய நாள்.

மேல் பிரிவில் கவனித்தவை

முதல் பருவத்தின் முதல் இரண்டு ஆட்டங்களிலும் பலத்த தோல்வி. எதிரணிகளில் மாகாண மட்டத்தில் ஆடியவர்கள் இருந்தார்கள். எங்கள் பின்வரிசை கிராமத்து விலகல் முறைப் போட்டிகளுக்குப் பழகியது. ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும் அந்த ஆட்டத்தில் பந்தை நீளமாக அடித்துவிட்டு ஓடினால் போதும். தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் எழுபதாவது நிமிடத்துக்குப் பின் கால் நிற்கவில்லை. தோல்விக்குக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. உடலைத் தயார்படுத்தவும் இடம் பிடித்து நிற்கப் பழக்கவும் ஒரு வருடம் கொடுத்திருந்தால் அதே பெடியன்கள் தாக்குப்பிடித்திருப்பார்கள்.

நிர்வாகம் வேறு விதமாக யோசித்தது. சுவிஸிலும் கட்டாரிலும் இருந்த ஊரவர்கள் பணம் அனுப்ப முன்வந்திருந்தார்கள். அவர்கள் கேட்டது வெற்றி. மூன்றாவது ஆட்டத்துக்கு முந்தின இரவு, தலைவரும் பொருளாளரும் இன்னும் இருவரும் தலைவரின் வீட்டு விறாந்தையில் இருந்து, வெளியூர் ஆட்டக்காரர் ஐவரை ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கூட்டிவருவதென முடிவெடுத்தார்கள். அந்த ஆட்டத்தை வென்றோம். அதன் பிறகு அதைக் கேள்வி கேட்க ஆளில்லை.

வெளியூர் ஆட்டக்காரர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நல்ல ஆட்டக்காரர்கள், பேசியதற்கு மேலாகவே உழைத்தார்கள். மாற்றம் வேறு இடங்களில் தெரிந்தது. பயிற்சிக்கு அவர்கள் வருவதில்லை, ஆட்டத்தன்றுதான் வருவார்கள். அவர்கள் வராத பயிற்சியில் அணிக்கான ஒழுங்கை யாரும் பழக முடியாது. அதனால் பயிற்சி இரண்டு பக்கம் பிரிந்து சும்மா ஆடுவதாகச் சுருங்கியது. ஊர்ப் பெடியன்கள் மாற்று ஆட்டக்காரர்களாக வாங்கில் இருந்தார்கள். அடுத்த பருவத்தில் வாங்கில் இருக்கவும் வரவில்லை. பதினாறு வயதுக்குட்பட்டோர் பக்கத்து வட்டையில் (வயல்வெளியில்) மென்பந்துக் கிரிக்கெட் ஆடத் தொடங்கினார்கள். அங்கே ஆளுக்கு ஓவர் உண்டு, துடுப்பு உண்டு. எங்கள் மைதானத்தில் அவர்களுக்குப் பந்துகூட இல்லை. முந்தைய அணித்தலைவரிடம் ஏன் வருவதில்லை என்று கேட்டேன். "நான் வந்து என்ன செய்ய சேர்? சோடா தூக்கவா?" என்றார். கோபத்தில் சொல்லவில்லை. மிகச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அது கூடுதலாக வலித்தது.

இதற்கிடையில் ஊர்ப் பெடியன் ஒருவருக்கு முழங்கால் திரும்பியது. முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டுக் கட்டினார்கள். வீக்கம் வற்றியதே தவிர கால் உறுதிப்படவில்லை. வைத்தியசாலையில் உள் நாண் கிழிந்திருப்பதாகச் சொன்னார்கள். கூலி வேலை செய்யும் அவருக்குப் பல மாதம் வருமானமில்லை. கழகத்தில் அதற்கென ஒரு சதமும் ஒதுக்கியிருக்கவில்லை. அதே கிழமை வெளியூர் ஆட்டக்காரருக்குப் பணம் போனது. உடைவு உண்மையில் அந்தக் கிழமைதான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

2019 முதல் 2022 வரை

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் இலக்கானது. எங்கள் வெளியூர் ஆட்டக்காரரில் மூவர் முஸ்லிம்கள். அதன் பிறகு அவர்கள் படுவான்கரைக்கு வர அவர்கள் வீட்டிலும் தயக்கம், இங்கேயும் சிலருக்கு முகம் மாறியது. இருவர் நின்றுவிட்டார்கள். மூன்றாமவர் கோல் காப்பாளர். நிலைமை தணிந்ததும் காசு பேசாமலே பயிற்சிக்கு வந்தார். அவரை இந்தப் பதிவில் பின்னர் திரும்பச் சந்திப்போம்.

2020இல் கொரோனா முடக்கம் வந்தது. கட்டாரில் வேலை இழந்து சிலர் திரும்பினார்கள். பணம் வருவது குறைந்தது. கணக்கில் பிழை இருப்பதாக ஊரில் பேச்சு எழுந்தது. ஆதாரம் எதுவும் இல்லை, ஆனால் கணக்கை யாரும் பார்த்ததும் இல்லை. வாங்கில் இருந்தவர்களும் அவர்களின் உறவுகளும் சேர்ந்து இன்னொரு பெயரில் புதுக் கழகம் தொடங்கினார்கள். ஒரே ஊர், ஒரே மைதானம், இரண்டு கழகம். எங்கள் பக்கத்தில் கண்ணகி அம்மனுக்கு, கொம்புகளைக் கோத்து இரு தரப்பாக இழுக்கும் கொம்புமுறி நடக்கும்போது ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகும், நக்கலும் சண்டையுமாக இழுப்பார்கள், சடங்கு முடிந்ததும் ஒன்றாகிவிடுவார்கள். கழகம் பிரிந்ததற்கு அப்படி ஒரு முடிவு நாள் இருக்கவில்லை. கோல்கம்பத்தின் வலையை ஒரு தரப்பு கழற்றிக்கொண்டு போனது. மறுதரப்பு புல்வெட்டும் இயந்திரத்தைப் பூட்டி வைத்தது.

2022இல் எரிபொருள் இல்லாமல் நாடு நின்றது. எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் அட்டை வந்த பிறகு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். அதைத் தொழிலுக்கு வைத்திருப்பதா, ஆட்டத்துக்கு ஓடுவதா என்றால் யாரும் தொழிலுக்குத்தான் வைத்திருப்பார்கள். ஒரு லீக் ஆட்டத்துக்கு வெளியூர் ஆட்டக்காரரில் கோல் காப்பாளர் மட்டும் சைக்கிளில் வந்தார். ஊரிலிருந்து ஏழு பேர் போனார்கள். எட்டுப் பேருடன் ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியிலேயே ஒருவர் சிவப்பு அட்டை வாங்கினார். இடைவேளைக்குப் பின் இன்னொருவர் தசைப்பிடிப்பால் எழும்ப முடியாமல் வெளியேறினார். மிஞ்சியது ஆறு. ஆட்ட விதிகளில் மூன்றாவது விதிப்படி ஒரு பக்கத்தில் ஏழு பேருக்குக் குறைந்தால் ஆட்டம் தொடர முடியாது. மத்தியஸ்தர் ஊதி நிறுத்தினார். அடுத்த ஆட்டத்துக்குப் போகவே இல்லை, எதிரணிக்கு வோக் ஓவர், அதாவது ஆடாமலே வெற்றி. புதுக் கழகத்துக்கும் இதே கதி. கிராமத்துப் போட்டி ஒன்றுக்கு அவர்களால் ஒன்பது பேரைத்தான் சேர்க்க முடிந்தது.

எடுத்த தீர்மானங்களும் காரணங்களும்

பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தர் இரு தரப்பையும் கூப்பிட்டார். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. இரண்டு கழகத்தின் ஆட்டக்காரர் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வெளிநாடு போனவர்களையும் வெளியூரவர்களையும் வெட்டச் சொன்னார். மிஞ்சியது மொத்தம் பத்தொன்பது பேர். ஒரு கழகத்துக்குத்தான் போதும். இதற்கு மேல் யாரும் விவாதிக்கவில்லை.

சேருவது என்று முடிவானதும் முதலில் கேட்கப்பட்டது கணக்கு. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொருளாளர் தன்னைக் கள்ளன் என்கிறார்கள் என்று மனம் நொந்து, முதலில் கொப்பியைத் தர மறுத்தார். நானும் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரும் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசினோம். கடைசியில் அவரே வாசிப்பது என்று ஒத்துக்கொண்டார். பாடசாலை மண்டபத்தில், பெண்களும் வந்திருந்த கூட்டத்தில், மேல் பிரிவுக்குப் போன நாளிலிருந்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. பஸ் வாடகை, ஐஸ், சோடா, பிளாஸ்டர் வரை எழுதியிருந்தார். ஒரு ரூபாயும் பிசகவில்லை. சந்தேகித்தவர்களில் ஒருவர் எழும்பி எல்லார் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஆனால் கணக்கு வேறொன்றைக் காட்டியது. ஒரு ஆட்டத்துக்கு வெளியூர் ஆட்டக்காரருக்குக் கொடுத்த தொகையில் சிறுவர்களுக்கு ஆறு பந்து வாங்கலாம். அந்த ஆண்டுகள் முழுவதிலும் சிறுவர்களுக்கென வாங்கியது ஒரு பந்தும் இல்லை. காசு கொடுத்து ஆட்டக்காரரைக் கொண்டுவருவது என்ற தீர்மானம் எந்தக் கூட்டக் குறிப்பிலும் இல்லை. நாலு பேர் ஒரு இரவு எடுத்த முடிவு பல வருடம் கழகத்தின் கொள்கையாக இருந்திருக்கிறது. களவு நடந்திருந்தால் ஒருவரை நீக்கிவிட்டுப் போயிருக்கலாம். இதற்கு ஒருவரைக் குற்றவாளியாக்க முடியவில்லை. அதனால்தான் முறையை மாற்றுவது பற்றிப் பேச முடிந்தது.

அன்றும் அடுத்த கூட்டத்திலும் எடுத்த தீர்மானங்கள் பல. எரிபொருள் நெருக்கடியைக் காட்டி மேல் பிரிவில் இருக்க விடும்படி லீக்கிடம் கேட்கலாம் என்று தலைவர் விரும்பினார். பெரும்பான்மை மறுத்தது: மேலே இருந்தால் திரும்பவும் ஆள் தேட வேண்டிவரும். ஆகவே கீழ்ப் பிரிவை ஏற்றுக்கொள்வது. ஆடுவதற்கு யாருக்கும் பணம் இல்லை, பயணச் செலவும் சாப்பாடும் மட்டும். வெளியூரவர் இருவருக்கு மேல் கூடாது, அவர்களும் பயிற்சிக்கு வர வேண்டும். வெளிநாட்டுப் பணத்தில் பாதி சிறுவர் அணிக்கும் காயப்பட்டவர் நிதிக்கும். கழகத்துக்குப் பழைய பெயர். அணிக்குப் பிரிந்துபோனவர்கள் தைத்த ஜேர்சியின் நிறம். உடைவுக்குத் தலைமை தாங்கிய முன்னாள் அணித்தலைவரே பயிற்றுவிப்பாளர்.

கடைசித் தீர்மானத்துக்குத்தான் எதிர்ப்பு அதிகம். "பிரிஞ்சு போனவனுக்குப் பரிசா?" என்று ஒரு மூத்தவர் கேட்டுவிட்டு எழுந்து போனார். சிறுவர்களை மைதானத்துக்குத் திரும்பக் கொண்டுவர ஊரில் வேறு யாராலும் முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் தீர்மானம் நிறைவேறியது.

பருவத்தையும் ஊருக்கேற்ப அமைத்தார்கள். மாரியில் மைதானத்தில் தண்ணீர் நிற்கும். பெரும்போக வெட்டு முடியும் வரை பெரியவர்களின் பயிற்சி ஞாயிறு காலை மட்டும். வெட்டு மெசின் வந்த பிறகு வேலை குறைந்தாலும், நெல் காயவைப்பதும் ஏற்றுவதும் இவர்கள் கையில்தான். அந்த நாட்களில் பயிற்சிக்கு வராதவரைத் தண்டிப்பதில்லை என்று எழுதி வைத்தார்கள். முன்பு அணித்தெரிவுச் சண்டையில் பாதி இதனால் வந்தது.

பின்னர் நடந்தவை

2023 ஜனவரி 21 அன்று உலக உதைபந்தாட்ட அமைப்பான பீபா இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. "இனி எல்லாம் நின்றுபோகும், ஏன் பயிற்சி?" என்று சிலர் ஒதுங்கப் பார்த்தார்கள். அந்தத் தடை சர்வதேசப் போட்டிகளுக்கும் பீபாவின் உதவிகளுக்கும் உரியது. ஊர் மைதானத்தில் பந்தை உதைப்பதை யாரும் தடுக்கவில்லை. பயிற்றுவிப்பாளர் இதைப் பெற்றோரிடம் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். ஓகஸ்ட் இறுதியில் தடை நீங்கியது. அதற்குள் பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு இரண்டு அணி அளவுக்கு ஆள் சேர்ந்திருந்தது.

கீழ்ப் பிரிவில் முதல் பருவம் மோசம். ஒரே ஒரு வெற்றி. ஆனால் எல்லா ஆட்டத்திலும் பதினொரு பேர் இறங்கினார்கள், வாங்கிலும் ஆள் இருந்தது. வெளிநாட்டுப் பணம் பாதிக்கு மேல் குறைந்தது. வெற்றி இல்லாததற்குக் காசு அனுப்ப ஒரு சிலர் விரும்பவில்லை. அது எதிர்பார்த்ததுதான். ஊருக்குள் வீட்டுக்கு இவ்வளவு என்று சேர்த்தார்கள், அறுவடைக்குப் பின் சிலர் நெல்லாகக் கொடுத்தார்கள். நல்ல முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவர் நகரக் கழகத்துக்கு மாறினார். அவருக்கு விடுகைக் கடிதம் மறுக்காமல் கொடுத்தது சரியான முடிவு. பிடித்து வைத்திருந்தால் இளையவர்களுக்கு இந்தக் கழகம் கூண்டாகத் தெரிந்திருக்கும்.

இரண்டாவது பருவத்தில் நடுவரிசைக்கு வந்தார்கள். பதினாறு வயது அணியின் கோல் காப்பாளர் மாவட்ட அணித் தெரிவுக்கு அழைக்கப்பட்டார். அவரைப் பழக்கியவர் சைக்கிளில் வந்த அந்த மூன்றாமவர். கிழமைக்கு இரண்டு நாள் வாவி கடந்து வருகிறார். நோன்பு நாட்களில் பயிற்சியை அவருக்காக முன்னேரத்துக்கு மாற்றினார்கள். நோன்பு திறக்க வீட்டுக்குப் போய்விடலாம். கூட்டத்தில் யாரும் பிரேரிக்காமலே நடந்த மாற்றம் அது.

சரியாகாதவையும் உண்டு. எழுந்து போன மூத்தவர் இன்னும் மைதானத்துக்கு வருவதில்லை. முழங்கால் காயப்பட்டவருக்கு நிதி பிந்தித்தான் கிடைத்தது. அவர் திரும்ப ஆடவில்லை, கோடு போடுவதையும் கொடி பிடிப்பதையும் பார்த்துக்கொள்கிறார்.

மாற்ற வேண்டியவை

ஒரு பிரிவு மேலே ஏறிய கழகம், அடுத்த பருவத்துக்கு முன் பொதுக்கூட்டம் கூட்டி, ஆள் எடுப்பதா, தோற்றாலும் இருப்பவரை வைத்து ஆடுவதா என்பதை முடிவெடுத்து எழுத வேண்டும். எங்களுக்கு அந்தக் கூட்டம் ஆறு வருடம் பிந்தி நடந்தது. கணக்கை வருடத்துக்கு ஒருமுறை உரத்து வாசிப்பது இப்போது கழகத்தின் யாப்பு விதிகளில் இருக்கிறது. அது முதலிலிருந்தே இருந்திருந்தால் பொருளாளர் அந்த அவமானத்தைச் சுமந்திருக்க மாட்டார். பதிவேட்டின் பிரதி ஒன்று ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். 2007இல் இழந்ததை யாராலும் திருப்பி எழுத முடியவில்லை, மூத்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

பெண்பிள்ளைகளின் பயிற்சி இன்னும் பாடசாலை நேரத்துக்குள் மட்டும்தான். கணக்கு வாசித்த கூட்டத்தில் ஒரு தாய் அதைக் கேட்டார். "பார்ப்பம் அக்கா" என்று பதில் சொன்னார்கள், இதுவரை பார்க்கவில்லை. மைதானத்தின் ஒரு பாதியில், பெண் பயிற்றுவிப்பாளர் ஒருவருடன், இந்த வருடமே தொடங்கலாம். அதற்குக் காசுகூடப் பெரிதாகத் தேவையில்லை.

அணி இப்போது திரும்பவும் மேல் பிரிவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. வெளியூரவர் இருவர் என்ற எல்லையை நீக்கும் பிரேரணை அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு வந்திருக்கிறது. பிரேரித்தவர்கள் இளையவர்கள், அவர்களுடைய ஆசை எனக்கு விளங்குகிறது. நான் எதிர்த்து வாக்களிப்பேன். மேலே போய் ஒரு பருவம் தோற்றாலும், பதினாறு வயது அணியிலிருந்து நாலு பேரை ஏற்றி ஆடச் சொல்லி மாற்றுப் பிரேரணை ஒன்றைப் பயிற்றுவிப்பாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை வழிமொழிந்து கையொப்பம் வைத்திருக்கிறேன்.